கதவுக்காரன் போட்ட சத்தம்

மண்டபத்தில் இப்போது போர்டு வைத்திருக்கிறார்கள். மூன்று பாஷையிலும் எழுதி, வாயில் விரல் வைத்த படமும் போட்டிருக்கிறது. இசை நடக்கும்போது சத்தம் எழுப்புகிறவர்கள் வெளியேற்றப்படுவார்களாம். கதவுக்குப் புதிதாக இரண்டு பெண்களைப் போட்டிருக்கிறார்கள். ஒருத்தி பசறைப் பக்கம், இன்னொருத்தி ஹாலிஎல. போன மாதம் ரெண்டு பேரும் என்னைத் தேடி வந்தார்கள்.

“மாமா, கத்துறவங்கள எப்புடி வெளிய அனுப்புறது? உங்களக் கேட்டு வரச் சொன்னாங்க மெனேஜர் மிஸ்.”

“கத்துறவங்கள வெளிய அனுப்பக் கூடாது.”

“அப்ப போர்டு?”

“போர்டு தப்பு.”

பசறைக்காரி சிரித்துவிட்டாள். “இதப் போயி மிஸ்கிட்ட யாரு சொல்றது? நீங்களே எழுதிக் குடுத்துருங்க மாமா. நாங்க கொண்டு போய் வச்சிட்டு ஓடிர்றோம்.”

பன்னிரண்டு வருஷம் அந்தக் கதவில் நின்றேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதினால் அரைப் பக்கம் போதும். நான் செய்ததையும் எழுத வேண்டும். அதனால் நீளும்.

அந்த மண்டபம் முதலில் தேயிலை ஸ்டோர். தோட்டத்தில் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம். மேல் மாடியில் கொழுந்து வாட்டுவார்கள். அங்கே இருபது வருஷம் வேலை செய்தேன். கொழுந்தைப் பரப்புவது, புரட்டுவது, கையில் அள்ளிப் பதம் பார்ப்பது. பிறகு ஸ்டோரை மூடினார்கள். கொஞ்ச நாள் வெறும் கட்டடத்துக்குக் காவல் இருந்தேன். கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி வந்து வாங்கி ஹோட்டல் ஆக்கியது. கீழே சாப்பாட்டு அறை. மேலே வாட்டு மாடியை மண்டபம் ஆக்கினார்கள். பலகைத் தரை, தகரக் கூரை, நாலு பக்கமும் ஜன்னல். எந்தப் பலகையில் கால் வைத்தால் முனகும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே கதவு வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு ஜாஸ் கச்சேரி. பியானோ, சாக்ஸபோன், ட்ரம்ஸ். வயலின் மாதிரி, ஆனால் ஆளுயரத்துக்கு நிற்கும் பேஸ் என்று ஒன்று. வருகிறவர்கள் ஹோட்டலில் தங்கும் வெள்ளைக்காரர்கள், கொழும்பு ஆட்கள், பதுளை டொக்டர்மார், பக்கத்துத் தோட்டத்துத் துரைமார். சத்தம் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் கேட்கும். “தொர வீட்டு மேளம் ஆரம்பிச்சிருச்சு” என்பார்கள். உள்ளே போய்க் கேட்ட தோட்டத்து ஆள் யாருமில்லை. போகக் கூடாது என்று எவரும் சொன்னதில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

மண்டபத்துக்குப் பொறுப்பு அருளானந்தம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, கையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். அவர் உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். நாம் கிட்டப் போய்க் காதைக் கொடுக்க வேண்டியிருக்கும். அது ஏச்சு வாங்குவதைவிட மோசம்.

அவர் எனக்குச் சொல்லித் தந்தது இது.

கதவைத் திறப்பது கைதட்டல் நடக்கும்போது மட்டும். தட்டி முடிவதற்குள் சாத்திவிட வேண்டும். பிந்தி வருகிறவர் அமைச்சர் ஆனாலும் வெளி வராந்தாவில் நிற்கட்டும். தாழ்ப்பாளில் துணி சுற்றியிருக்க வேண்டும். கதவைக் கையை விட்டு விடக் கூடாது. மலைக்காற்று அடித்துச் சாத்திவிடும். சாத்துகிறவரைக்கும் கை கதவிலேயே இருக்க வேண்டும். பேஸ்காரர் தனியாக வாசிக்கும்போது கோப்பை, தட்டு, ஐஸ் எதுவும் நகரக் கூடாது. கதிரைக் கால்களுக்கு ரப்பர். மழை தகரத்தில் விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதைப் பற்றி யாரும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம்.

பேசுகிறவர்களை நிறுத்துவதற்கு ஒரு முறை இருந்தது. முன்னால் போய் நிற்கக் கூடாது. விரலை வாயில் வைக்கக் கூடாது. ஆளைத் தொடவே கூடாது. பக்கவாட்டில் போய்க் குந்தி, ஒரு சின்ன அட்டையை நீட்ட வேண்டும். ‘வெளியே சூடாகத் தேநீர் இருக்கிறது. பேசி முடித்துவிட்டு வாருங்கள்’ என்று மூன்று பாஷையிலும் அதில் எழுதியிருக்கும். எழுதியவர் சேர்தான். நல்ல கையெழுத்து. முக்கால்வாசிப் பேர் வெட்கப்பட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிலர் உண்மையிலேயே தேத்தண்ணி குடிக்கப் போவார்கள்.

முதல் மாதமே நான் தப்புச் செய்தேன். சாக்ஸபோன்காரர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் “யே!” என்று கத்தினார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கத்தினார். நான் போய்க் குந்தி அட்டையை நீட்டினேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கச்சேரி முடியும்வரை அவர் வாயே திறக்கவில்லை. நான் வேலையை நன்றாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எல்லாரும் போனபின் சேர் என்னைக் கூப்பிட்டார். கிட்டப் போனேன்.

“முத்து, அந்த மனுசன் என்ன செய்துகொண்டிருந்தவர்?”

“கத்துனாரு சேர்.”

“எப்ப?”

“நடுவுல.”

“நடுவில எண்டால்? வாசிக்கிற ஆள் ஒரு இடத்தில ஏறி நிண்டவர். அந்த இடத்தில கத்தினவர். சரியாய் அந்த இடத்தில. உமக்கு விளங்கினதோ?”

“இல்ல சேர்.”

“கத்துறவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். கதைக்கிறவன் கேக்கேல்லை. இதுதான் வித்தியாசம். இந்த வாத்தியத்துக்குக் கத்துறதும் சேர்த்திதான். வாசிக்கிறவன் அதை வாங்கித்தான் மேல போவான். கதைக்கிறவனுக்கு அட்டை. கத்துறவனுக்கு ஒண்டும் இல்லை. நீர் கதவைப் பார்த்துக்கொண்டு நில்லும்.”

அதற்குப் பிறகு நான் கவனித்தேன். சேர் சொன்னது சரிதான். கத்துகிறவர்கள் சும்மா கத்துவதில்லை. விசில் அடிக்கிறவர்கள் இடம் பார்த்து அடிக்கிறார்கள். ஒருத்தர் தனியாக வாசித்து முடித்ததும் பாட்டு முடியுமுன்னமே கை தட்டுகிறார்கள். சில வேளை வாசிக்கிறவரே சத்தத்தைக் குறைத்து ஒரு இடம் விடுவார். கூட்டத்திலிருந்து ஒருத்தர் ஏதாவது கத்துவார். உடனே அவர் அதே போல வாத்தியத்தில் பதில் சொல்லுவார். அப்போது மண்டபமே சிரிக்கும். இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

இன்னொரு தடவை கொழும்புப் பெரியவர் ஒருத்தர் பேஸ்காரர் தனியாக வாசிக்கும்போது போனில் காணி விலை பேசிக்கொண்டிருந்தார். நான் போய்க் குந்தினேன். அட்டையைத் தட்டிவிட்டார். எடுத்து மறுபடியும் நீட்டினேன்.

“நீ யார் எனக்குச் சொல்ல?” என்று சிங்களத்தில் கேட்டார்.

குந்தியபடி நீட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பாட்டு முழுதும் இருந்தேன். கடைசியில் போனை அணைத்தார். வெளியே வந்ததும் என்னைப் பற்றிச் சேரிடம் முறைப்பாடு சொன்னார். சேர் முழுதும் கேட்டுவிட்டு, “அவருக்கு அதுதான் வேலை” என்று சொல்லி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

பிறகு என்னிடம் வந்தார். “எவ்வளவு நேரம் குந்தியிருந்தனீர்?”

“ஒரு பாட்டு சேர்.”

“முழங்கால் நோகுதோ?”

“நோகுது.”

“நல்லம். அவருக்கும் எங்கேயோ நொந்திருக்கு.”

எனக்குப் பெருமையாக இருந்தது. ஸ்டோரை நடத்திய பெரிய டீமேக்கர் இருபது வருஷம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே ஒரு பெரிய மனுசனை நான் பேச்சை நிறுத்த வைத்தேன். அந்தப் பெருமைதான் பிறகு கெடுத்தது என்று நினைக்கிறேன். வேறு காரணம் இருந்தாலும் இருக்கலாம்.

என் மகன் சுதாகர் ட்ரம்ஸ்காரன். பதுளையில் படிக்கும்போது பள்ளிக்கூட பேண்டில் அடித்தான். பிறகு கொழும்புக்குப் போனான். ஹோட்டல்களில் வாசித்தான். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். அவன் அம்மா லெட்சுமி, “சோத்தத் தின்னுட்டுத் தட்டுடா, சோறு பயந்து ஓடிரும்” என்பாள். மேடையில் அவன் வாசித்து அவள் பார்த்ததில்லை. கொழும்புக்குப் போக அவளுக்கு ஏலாது. மலையில் கொழுந்து எடுக்கிற வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. பஸ்ஸில் ஏறினால் வாந்தி.

ஒரு மாதம் அவன் சேர்ந்திருந்த குழுவையே எங்கள் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். செய்தி கேட்டதிலிருந்து அவள் நாளை எண்ணினாள். சேலை எடுத்துத் தோய்த்தாள். காய்ந்ததும் மறுபடியும் எடுத்துப் பார்த்தாள், மடிப்புச் சரியில்லை என்று. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மகன் வாசிப்பதை ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும்.

அந்த ஞாயிறு ரெண்டு பேரும் நடந்து போனோம். அரை மைல்தான்.

“நான் என்னா செய்யணும் அங்க?” என்று கேட்டாள்.

“ஒன்னும் செய்யாத. சும்மா உக்காந்திரு. பேசாத. எல்லாரும் கை தட்டுனா நீயும் தட்டு.”

“எந்திரிச்சு நிக்கலாமா?”

“எதுக்கு எந்திரிக்கணும்?”

“புள்ளய மறைக்குமே, முன்னால ஆள் இருந்தா.”

“அதெல்லாம் வேணாம். அங்க எல்லாம் பெரிய ஆளுங்க.”

கச்சேரி தொடங்குமுன் சேர் மைக்கில் வெள்ளைக்காரர்களுக்கு என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். என் மனுசிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்.

அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். சேர் பார்த்துவிட்டு வந்தார். “பெத்த தாய் பின்னுக்கு இருக்கிறதோ? வாங்கோ அம்மா” என்று கூட்டிப்போய் இரண்டாம் வரிசை நடுவில் இருத்தினார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

மூன்று மணிக்குச் சேர் மைக்குக்கு முன்னால் வந்தார். தனியாக வாசித்து முடித்ததும் கை தட்டுங்கள், மனசுக்குப் பட்டால் சத்தம் போடுங்கள், இது கோர்ட்டு இல்லை என்று இங்கிலீசிலும் சிங்களத்திலும் சொன்னார். தமிழ் ஆட்கள் வந்திருந்தால் தமிழிலும் சொல்லுவார். அன்றைக்குத் தமிழ் மட்டும் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். மேடையிலிருந்து இறங்கிக் கதவுப் பக்கம் வந்தார்.

“உம்மட மனிசிக்கு நீர் சொல்லியிருப்பீர்தானே?”

“சொல்லிட்டேன் சேர்.”

கச்சேரி ஆரம்பித்தது. அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். மற்றவர்கள் தட்டினால் தட்டினாள். எல்லாரும் நிறுத்துமுன்னமே நிறுத்தினாள். நான் சொன்னபடியே இருந்தாள்.

நாலாவது பாட்டில் சுதாகருக்குத் தனியாக விட்டார்கள். மற்றவர்கள் வாத்தியத்தை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவன் மெதுவாகத்தான் தொடங்கினான். பிறகு கையைக் கூட்டினான். அது எங்கேயோ கேட்ட அடியாக இருந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் பிடிபட்டது. மாரியம்மன் திருவிழாவில் கரகம் ஓடையிலிருந்து மேலே ஏறி வரும்போது எங்கள் தோட்டத்தில் அடிக்கிற அடி. அதைப் பிரித்துப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான். முன் வரிசையில் ஒரு இளம் வெள்ளைக்காரன் விசில் அடித்தான். யாரோ “யே!” என்றார்கள். அடி ஏறிக்கொண்டே போனது.

லெட்சுமி எழுந்து நின்றாள். குலவை போட்டாள்.

தோட்டத்தில் குலவைக்கு அவள்தான். கரகம் கோயில் வாசலுக்கு வந்ததும் அவள் ஆரம்பிக்காமல் மற்றப் பொம்பளைகள் ஆரம்பிக்க மாட்டார்கள். அவள் நாக்கைச் சுழற்றி எடுத்தால் எதிர் மலைக்குக் கேட்கும். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் யோசித்துப் போடவில்லை. அந்த அடிக்கு அந்த இடத்தில் குலவைதான் போட வேண்டும். அதுதான் இடம்.

எல்லாத் தலையும் திரும்பியது. ஒரு பெண் சிரித்தாள். என் கண்ணில் பட்டது அந்தச் சிரிப்பு மட்டும்தான். லயத்துப் பொம்பளை, சத்தம் போடுகிறாள், சிரிக்கிறார்கள். வேறு ஒன்றும் அப்போது எனக்குள் இல்லை.

கதவிலிருந்து அவள் இடத்துக்குப் பத்து எட்டு வைத்தால் போதும். எந்தப் பலகையையும் பார்க்காமல் போனேன். எல்லாம் முனகியது. நான் குந்தவில்லை. அட்டையும் எடுக்கவில்லை. அவள் கையைப் பிடித்தேன். பன்னிரண்டு வருஷத்தில் மண்டபத்துக்குள் நான் கை வைத்த ஒரே ஆள் அவள்.

“வெளிய வா. மானத்த வாங்காத.”

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். மெதுவாக இல்லை.

அவள் குலவை பாதியில் நின்றது. வாய் திறந்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு வந்தாள். கையை இழுக்கவில்லை. வாசிப்பு நடக்கும்போதே கதவைத் திறந்தேன். அவளை வெளியே விட்டு நானும் போனேன். கதவைப் பிடிக்க மறந்தேன். காற்று அடித்துச் சாத்தியது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம்.

உள்ளே நடந்ததைப் பிறகு சேர் சொல்லித்தான் தெரியும். குலவையைக் கேட்டதும் சுதாகர் குச்சிகளை இறக்கினான். ட்ரம் ஓரத்தில் மெல்லத் தட்டிக்கொண்டு இடம் விட்டான். மறுபடியும் வரும், வந்தால் பதில் சொல்லலாம் என்று. மண்டபம் முழுதும் அதற்காகக் காத்திருந்ததாம். விசில் அடித்தவன்கூட மூச்சுக் காட்டவில்லையாம். வந்தது கதவுச் சத்தம். அவன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டாம் வரிசையில் வெறும் கதிரை. பாட்டை எப்படியோ முடித்தான்.

வராந்தாவில் அவள் கையை உதறிக்கொண்டாள். படியில் இறங்கிப் போய்விட்டாள்.

இடைவேளையில் சேர் வந்தார். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. கிட்டப் போனேன்.

“நீர் சொன்னனீர் எண்டு சொன்னனீர்.”

“சொல்லல சேர்.”

“ஏன்?”

நான் தாழ்ப்பாளில் சுற்றிய துணியைச் சரி செய்தேன். அவர் காத்திருந்தார். பிறகு சொன்னார்.

“அந்தச் சத்தம் எங்கையிருந்து வந்தது எண்டு பத்துப் பேர் என்னட்டக் கேட்டிட்டினம். சிரிச்ச பிள்ளை அழுதுகொண்டு நிக்குது. இண்டைக்கு இந்த மண்டபத்தில ஒழுங்கு மீறின ஆள் ஒருத்தர்தான் முத்து. போய்க் கூட்டிக்கொண்டு வாரும். நான் இடைவேளையை நீட்டுறன்.”

ஓடினேன். வீட்டில் அவள் சேலையை மாற்றிவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வா. சேர் கூப்புடுறாரு. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“அந்த வெள்ளக்காரன் விசில் அடிச்சான். அவன எழுப்புனீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“அது… அங்க அது செய்யலாம்.”

“எனக்கு மட்டும் செய்யக் கூடாதா?”

“செய்யலாம்.”

கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “செய்யலாமா? தெரிஞ்சேதான் இழுத்தீங்களா?”

“ஆமா.”

“சரி” என்றாள். மறுபடியும் கீரையை எடுத்தாள். நான் வாசலில் நின்றேன். இடைவேளை எவ்வளவு நீண்டது என்று தெரியாது. மேளம் மறுபடியும் தொடங்கிய சத்தம் வீட்டுக்குக் கேட்டது. அவள் தலை நிமிரவில்லை. கை மட்டும் கீரை ஆயவில்லை. தட்டில் போட்டதையே திரும்ப எடுத்துப் போட்டாள்.

சுதாகர் அன்றைக்கு வீட்டுக்கு வந்தான். அம்மாவோடு பேசினான். என்னோடு சாப்பாடு பற்றி மட்டும் பேசினான்.

அதற்குப் பிறகு நாலு தடவை அவன் குழு வந்தது. நாலு தடவையும் அவளைக் கூட்டி வரச் சேர் என்னை அனுப்பினார். ஒரு தடவை அவரே லயத்துக்கு நடந்து வந்தார், கையில் குடையோடு. அவள் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். “நான் வந்தா இவருக்கு வேல கெட்டுப் போகுங்க ஐயா. என்னயப் பாத்துக்கிட்டு நிக்கணும்” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஒவ்வொரு தடவையும் நான் வீட்டுக்கு வந்ததும் கேட்பாள்.

“எப்புடி வாசிச்சான்?”

“நல்லா.”

“அந்த அடி அடிச்சானா?”

“இல்ல.”

அவன் அதை மறுபடியும் அந்த மண்டபத்தில் அடிக்கவில்லை.

நான் செய்தது தப்புத்தான் என்று ஒரு நாள் சொன்னேன். சொல்ல எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. “ஆமா” என்றாள். வேறு என்ன சொல்லுவாள்.

அடுத்த திருவிழாவில் கரகம் வந்தது. கோயில் வாசலில் பொம்பளைகள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கையைக் கும்பிட்டபடி நின்றாள். அடி ஏறியது. யாரும் ஆரம்பிக்கவில்லை. கரகக்காரர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு சின்னப் பெண் மெல்லிசாக ஆரம்பித்தாள். மற்றவர்கள் ஒவ்வொருத்தராகச் சேர்ந்தார்கள்.

“அக்காவுக்குத் தொண்டையில என்னாண்ணே?” என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் கேட்டாள்.

“ஒன்னுமில்ல” என்றேன்.

சேர் காலமானார். அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு அட்டை பிடிக்கவில்லை. நான் வேலையை விட்டேன். அதே வருஷம் லெட்சுமிக்கு நெஞ்சு வலி வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். நன்றாகத்தான் பார்த்தார்கள். ஏழாம் நாள் காலையில் முடிந்துவிட்டது. சுதாகர் அப்போது துபாயில் ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்தான். அவன் வந்து சேர அடக்கம் முடிந்திருந்தது.

கருமாதி அன்றைக்குப் பகல் சாப்பாடு முடிந்து ஆட்கள் போனார்கள். சொந்தக்காரப் பொம்பளைகள் நாலைந்து பேர் உள்ளே இருந்தார்கள். அவளுடைய குரல் ஒரு இடத்திலும் இல்லையே என்று ஒருத்தி சொன்னாள். போனில் படம் இருக்கிறது. குரல் இல்லை. அவள் போனில் பேசுவதே குறைவு.

சுதாகர் தன் போனை எடுத்தான்.

“இருக்கு” என்றான்.

மண்டபத்தில் எல்லாக் கச்சேரியையும் ஒலிப்பதிவு செய்வார்கள். அதை அவன் அப்போதே கேட்டு வாங்கியிருக்கிறான். எனக்குத் தெரியாது. அவன் அம்மாவிடமும் சொல்லவில்லை. போனைத் தரையில் நடுவில் வைத்து அழுத்தினான்.

அவன் அடி வந்தது. விசில் வந்தது. பிறகு அவள் வந்தாள். பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வீடு முழுக்க அவளாக இருந்தாள். நாலு எண்ணும் நேரம் இருக்கும். அப்புறம் என் குரல். பிறகு அவன் மெல்லத் தட்டிக்கொண்டு இடம் விட்டது. பிறகு கதவு.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.

“ஒங்க சத்தத்த எடுத்திரலாம்ப்பா” என்றான் சுதாகர். “எடுக்குறதுக்கு ஆள் இருக்கு. ஆனா அம்மா குரல் முடியிற எடமும் ஒங்க குரல் ஆரம்பிக்கிற எடமும் ஒன்னா இருக்கு. வெட்டுனா அம்மாவுல கொஞ்சம் போயிரும்.”

“எவ்வளவு?”

“கொஞ்சந்தான்.”

“வெட்டாத.”

அவன் போனைக் கையில் எடுத்தான். அணைக்கவில்லை. என்னைப் பார்த்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“இன்னொரு தடவ போடவா?”

“போடு” என்றேன்.

போட்டான். கதவு சாத்துகிறவரைக்கும் இருந்து கேட்டேன்.